ஒளி குன்றிய ஆதிரை

மதி வளரும், தேயும். கோள்கள் இடம் பெயரும். நட்சத்திரங்கள் மாத்திரம் என்றும் ஒரு பெற்றியவாய் நிற்கும் என்பது நம்மனோர் பலரின் எண்ணம். மணவறையில் அருந்ததியைக் காட்டுவதும், நிலைபேற்றிற்குத் துருவனை உவமை கூறுவதும் இவ்வெண்ணம் பற்றியே. அத்துருவனும் ஏறக்குறைய நான்கு நாளைக்கொருமுறை சிறிது ஒளி ஏறி இறங்கும் இயல்பினன் என்பதை மணமக்களுக்கு எவரும் சொல்வதில்லை, சொல்லாதிருப்பதே நலம். வெறுங்கண்ணுக்குப் புலனாகாத அம்மாற்றம் கிடக்க. ஊரார் அனைவரும் பெயரறிந்த ஒரு நட்சத்திரம், கண்டோர் எல்லாரும் வியக்குமாறு, 2019-ஆம் ஆண்டின் இறுதியில் ஒளி குன்றத் தொடங்கிற்று. அதனைக் கொல்லிமலையிலிருந்து யான் கண்டவாற்றையும், அதனையொத்த வேறொரு மீனைப் பற்றிப் பின்னர்க் கற்றவற்றையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு இங்கே எழுதுகின்றேன்.

யான் இக்கல்லூரியில் பயின்ற காலத்து வானநூலில் எனக்குப் பயிற்சி மிகுதியும் இல்லை. ஆசிரியத் தொழில் மேற்கொண்டு கொல்லிமலையிலுள்ள பள்ளியொன்றிற்குச் சென்ற பின்னரே, இரவு என்பது இத்துணை இருளுடையது என்பதை அறிந்தேன். அம்மலை நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது. காரவள்ளி அடிவாரத்தினின்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறுதல் வேண்டும். வல்வில் ஓரி ஆண்ட நாடு அது. சாமையும் தினையும் விளைந்த கொல்லைகள் பலவற்றில் இன்று மரவள்ளியும் மிளகும் காப்பியும் இடம் பிடித்துக்கொண்டன. பலா மட்டும் தன் பழம்பெருமை குன்றாது நிற்கின்றது. பனிக்காலத்து மாலைகளில் மூடுபனி வந்து முற்றத்தையே மறைத்துவிடும். அது விலகிய இரவுகளிலோ, பால்வீதி ஓரங்கள் தெளியக் கிடக்கும். கார்த்திகையின் ஆறு மீன்களோடு ஏழாவதையும் எட்டாவதையும் சிறுவர் எண்ணிச் சொல்வர்.

2020-ஆம் ஆண்டில் திருவாதிரைத் திருநாள் ஜனவரி 10-ஆம் நாளில் வந்தது. அன்றிரவு எனக்குக் களி கொண்டுவந்த அண்டைவீட்டு மூதாட்டியார், திண்ணையில் அமர்ந்து வானத்தை நோக்கிக்கொண்டிருந்துவிட்டு, "வாத்தியாரே, ஆதிரை ஏன் இப்பிடி வாடிக் கெடக்குது?" என்று வினவினார். முழுமதி ஆதிரையின் அருகே நின்றமையால், அவ்வொரு பார்வை கொண்டு எதனையும் துணிதற்கு இடமில்லை. ஆயினும் அவர் வினா வறிதே எழுந்ததன்று. டிசம்பர் மாதத்திலேயே வானநூலார் இதனை அறிவித்திருந்தனர். ஆதிரை வெடித்துச் சிதறப் போகின்றது என்று செய்தித்தாள்கள் சில முழங்கவும் செய்தன. மேலைநாட்டார் பீட்டல்ஜூஸ் என அழைக்கும் அச்செம்மீன் நம் சூரியனைப்போல் 15 முதல் 20 மடங்கு நிறையுடையது; சூரியன் இருக்குமிடத்தில் அதனை வைப்பின் பூமியையும் செவ்வாயையும் விழுங்கி வியாழனை நோக்கிப் பரந்து நிற்கும். அத்தகைய பேருடல் ஒருநாள் வெடித்தே தீரும் என்பது உண்மை. அந்நாள் நாளையாகவும் இருக்கலாம், இலட்சம் ஆண்டு கழித்தும் இருக்கலாம். மூதாட்டியாரிடம் இதனைக் கூறியபோது, "அப்ப நான் களி கிண்டுறத நிறுத்த வேண்டியதில்ல" என்று சொல்லி எழுந்து போனார்.

எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன் இவ்வுரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் என்னிடம் வந்து, "ஐயா, வாடினது உண்மையா, வெறும் தோற்றமா என்று நாமே பார்க்க முடியுமா?" என்று கேட்டான். முடியும் என்றேன். அதற்கு வேண்டுவன இரண்டு கண்களும், ஒரு குறிப்பேடும், பொறுமையுமே.

முறை மிக எளிது. ஒளி மாறாத மீன்கள் இரண்டனைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். ஒன்று நாம் ஆராயும் மீனினும் சிறிது மிக்க ஒளியது, மற்றொன்று சிறிது குறைந்தது. இவ்விரண்டிற்கும் இடையே நம் மீன் எவ்விடத்து நிற்கின்றது என்பதைப் பத்தில் இத்தனை பங்கு என மதித்து, நாளும் நேரமும் குறித்து எழுதிவிடுதல் வேண்டும். மீனின் ஒளியைத் தரங்களாக வகுப்பது மிகப் பழைய வழக்கம். எண் சிறிதாயின் ஒளி பெரிது. ஐந்து தரங்களுக்கு நூறு மடங்கு என்று அதற்கு ஒரு திட்டமான அளவை 1856-ஆம் ஆண்டில் வகுத்தவர் நார்மன் பாக்சன். 1861-இல் அவரே சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராய் வந்து, 1891-இல் இறக்கும் வரை அங்கே பணியாற்றினார். உலகெங்கும் இன்று வழங்கும் அவ்வளவையை வகுத்தவர் நுங்கம்பாக்கத்தில் முப்பது ஆண்டு வாழ்ந்தவர் என்பது என் மாணவனுக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது.

ஆதிரை பெரும்பாலும் 0.5 என்னும் தரத்தை ஒட்டி நிற்பது. எமக்கு ஒப்புமீன்களாய் அமைந்தவை ரோகிணியும் (0.9), புனர்பூசத்துப் பெரிய மீனும் (1.1), ஆதிரைக்கு அண்மையில் ஓரையன் கூட்டத்தின் மறுதோளாய் விளங்கும் பெல்லாட்ரிக்ஸும் (1.6). முன்னாளில் ஆதிரையின் முன் பெல்லாட்ரிக்ஸ் அரசன் அருகே நிற்கும் ஏவலனை ஒப்பது. ஜனவரி நடுவில் மதியொளி நீங்கியவுடன் யாங்கள் நோக்கியபோது, அவ்விரண்டும் ஏறக்குறைய உடன்பிறந்தார்போல் நின்றன.

தை அமாவாசை ஜனவரி 24-இல் நேர்ந்தது. அன்றிரவு பனியும் இல்லை. ஒருவர் எண்ணை மற்றவர் அறியாதவாறு எழுதிப் பின்னர் ஒப்பிடுவது எம் வழக்கம். யான் எழுதியது 1.4, அவன் எழுதியது 1.6. அவன் முகம் வாடிற்று. "ஐயா, உங்கள் எண்ணையே நானும் எழுதிவிடட்டுமா?" என்றான். வேண்டா என்று தடுத்தேன். மறுநாளும் அவ்வாறே வேறுபட்டன. அதன் மறுநாளும் அவ்வாறே. இது யாது காரணத்தால் என்று நூல்களில் தேடியபோது விடை கிடைத்தது. வயது ஏற ஏற நம் கண்ணினுள் உள்ள ஆடி மஞ்சள் நிறம் பற்றி, நீல ஒளியைத் தடுக்கும். செந்நிற ஆதிரையை நீலநிறம் வாய்ந்த பெல்லாட்ரிக்ஸோடு ஒப்பிடுங்கால், ஐம்பதை நெருங்கிய என் கண்ணுக்கு ஆதிரை சற்று மிகையாகவும், அவன் இளங்கண்ணுக்குச் சற்றுக் குறைவாகவும் தோன்றியது இயல்பே. அவன் எண்ணை அழித்திருப்பின், ஆதிரையைப் பற்றிய ஒரு செய்தியையும், எம் கண்களைப் பற்றிய ஒரு செய்தியையும் ஒருங்கே அழித்திருப்போம். அன்று முதல் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் கோடிட்டுக்கொண்டோம்.

பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் வாரத்தையொட்டி ஆதிரை மிகத் தாழ்ந்த நிலையை எய்தியது. கருவிகள் அளந்த தரம் ஏறத்தாழ 1.6. இயல்பான ஒளியில் மூன்றில் ஒரு பங்கினும் சிறிதே மிக்கது எஞ்சிற்று எனலாம். பின்னர்ச் சிறிது சிறிதாக ஏறி, ஏப்பிரலில் மேல்வானில் தாழுங்கால் தன் பழைய ஒளியைப் பெற்றுவிட்டது. நிகழ்ந்தது யாதெனில், அம்மீன் தன் மேற்பரப்பினின்று பெரியதொரு வாயுத்திரளை உமிழ்ந்தது. அது குளிர்ந்து தூசியாய்த் திரண்டு நமக்கும் மீனுக்கும் இடையே திரையிட்டது. சிலி நாட்டுப் பெருந்தூரதரிசினி கொண்டு எடுத்த படங்களில் அதன் தென்பாதி இருண்டு கிடந்தமை தெளிவாய்த் தெரிந்தது.

நிற்க. ஆதிரை ஒளி மாறும் இயல்பினது என்பதை முதன்முதல் குறித்தவர் ஜான் ஹெர்ஷல். 1834 முதல் 1838 வரை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை ஆராய்ந்த காலத்தில், 1836-இல் அவர் இதனைக் கண்டார். ஏறக்குறைய 400 நாளில் ஒரு சுற்றும், 2,100 நாளில் ஒரு நெடுஞ்சுற்றுமாக அம்மாற்றம் நிகழ்கின்றது என்பது பின்வந்தோர் பலர் எழுதிவைத்த எண்களினின்று புலனாயிற்று. முதற்சுற்று மீன் விம்மித் தணிவதால் ஆவது. நெடுஞ்சுற்றுக்குக் காரணம் நெடுநாள் விளங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத துணைமீன் ஒன்று ஆதிரையைச் சுற்றி வருவதே காரணம் ஆகலாம் என்று 2024-இல் இரு குழுவினர் தனித்தனியே கணக்கிட்டுக் கூறினர். ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினித் தூரதரிசினியால் அத்துணையைப் படம்பிடித்துவிட்டோம் என 2025 ஜூலையில் வேறொரு குழுவினர் அறிவித்தனர். படம் மிக மங்கலானது, ஐயுறுவோரும் உளர். அத்துணை ஆதிரையினின்று மிக விலகித் தோன்றுங்காலம் 2027 நவம்பர் என்கின்றனர். அப்போது ஐயம் தீர வாய்ப்புண்டு. அதற்குள் அதற்குப் பெயர் சூட்டுவிழாவும் நடந்துவிட்டது: சிவர்ஹா என்பது, அரபு மொழியில் அவளுடைய வளையல் என்று பொருள். பெண்ணைக் கண்ணாரக் காணுமுன்னரே வளையல் செய்து வைப்பது நம் நாட்டு வழக்கத்திற்கும் ஒத்ததே.

2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பள்ளி அடைத்தார்கள், மலைக்கு வண்டிகள் வருவதும் நின்றது. மாணவனின் ஊர் பள்ளிக்கு அண்மையதாதலின், மாலைதோறும் அவன் வந்து எட்ட நின்று நோக்குவான். ஆதிரை மேற்கே மறைந்தபின் வேறு எதனைப் பார்ப்பது என்று கேட்டான். தென்வானத்தைக் காட்டினேன்.

அகத்தியர் மீனுக்கும் திரிசங்குவுக்கும் இடையே, திரிசங்குவின் பக்கமாக, பால்வீதியில் ஓர் ஒளித்திட்டு உண்டு. அதனுள் இருப்பதே ஈட்டா கரினே; கரினா என்பது மரக்கலத்தின் அடிமரம். இங்கிலாந்தினின்று இது காணப்படுவதே இல்லை. கொல்லிமலையில் இது தென்கீழ்வானினின்று 19 பாகை உயரம் வரை எழும். இன்று இதன் தரம் நான்கைச் சிறிது கடந்தது. இருளில் பழகிய கண்ணுக்கு மட்டுமே தோன்றும். காண்பதற்கு இத்துணை எளியதாகிய இம்மீனின் வரலாறு மிக வியப்பானது. 1677-இல் செயின்ட் ஹெலினாத் தீவினின்று ஹேலி இதனை நான்காம் தரத்தது என்று குறித்தார். 1837 டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, மேற்சொன்ன ஹெர்ஷல் வழக்கம்போல் தென்வானை நோக்கியபோது, இது முதல்தர மீன்களோடு போட்டியிட்டு நிற்கக் கண்டு திகைத்தார். சில வாரங்களில் மங்கத் தொடங்கிற்று. 1843 மார்ச்சில் மீண்டும் பொங்கி, சிரியஸ் ஒன்று நீங்கலாக வானத்து மீன்கள் அனைத்தையும் வென்றது. அவ்வாண்டில் கல்கத்தாவினின்று மேக்கே என்பவர் இதனை நோக்கி, ஒளியில் அகத்தியர் மீனுக்கு நிகரென்றும், நிறத்தில் சுவாதியை ஒத்ததென்றும் எழுதியனுப்பினார். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒளிவீசிய பின்னர்த் தாழ்ந்து, 1870-ஐ நெருங்குங்கால் வெறுங்கண்ணுக்கு மறைந்தேவிட்டது. 1940-களிலிருந்து மீண்டும் மெல்ல ஏறிவருகின்றது.

அந்தப் பெருங்கொந்தளிப்பில் இம்மீன் நம் சூரியனைப்போல் பத்துக்கு மேற்பட்ட சூரியர்களின் நிறையை வெளியே எறிந்தும் சாகாது நின்றது! எறியப்பட்ட முகில் இரட்டைக் குமிழ்போல் இன்றும் விரிந்து செல்கின்றது. பிரேசில் நாட்டு டாமினெலி என்பார், இதன் நிறமாலை ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வகையான மாற்றத்தைக் காட்டுவதை 1996-இல் கண்டறிந்தார். ஒரு கடிகாரம் ஓடுகின்றதாயின் சுற்றி வருவது ஒன்று இருத்தல் வேண்டும் அன்றோ? இருப்பவை இரண்டு மீன்கள். ஒன்று ஏறத்தாழ நூறு சூரியர் நிறையது; மற்றொன்று முப்பது சூரியர் நிறையது. பாதை மிக நீண்ட முட்டை வடிவம். தொலைவில் இருக்குங்கால் சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் உள்ள இடைவெளி. நெருங்குங்கால் சூரியனுக்கும் செவ்வாய்க்கும் உள்ள இடைவெளியே. 2,023 நாளுக்கு ஒருமுறை இந்நெருக்கம் நேர்கின்றது.

இனி யான் இக்கட்டுரை எழுதத் துணிந்ததற்குக் காரணமான செய்தியைக் கூறுகின்றேன். ஸ்மித், ஃப்ரூ என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், 2011-இல், ஹெர்ஷலும் மேக்கேயும் கப்பல் மாலுமிகள் உள்ளிட்ட பிறரும் எழுதிவைத்த பழங்குறிப்புகளையெல்லாம் திரட்டி, ஒப்புமீன்களின் இக்காலத்துத் தரங்களைக் கொண்டு திருத்தி, நாள்வாரியாக நிரல்படுத்தினர். இன்று நாம் அறிந்த 2,023 நாள் கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது, 1838-இன் பொங்கலும் 1843-இன் பொங்கலும் அவ்விரு மீன்களின் நெருக்கத்தோடு சில வார வேறுபாட்டிற்குள் ஒத்து நின்றன. துணைமீன் உண்டு என்பதை ஹெர்ஷல் கனவிலும் கருதினாரல்லர். அவர் எழுதியது அன்றிரவு தாம் கண்ட ஒளியையும் நாளையுமே. அக்கொந்தளிப்பு முழுவதற்கும் மூலகாரணம் யாது என்பதில் அறிஞர் இன்றும் ஒருமித்திலர். ஆதியில் மீன்கள் மூன்றாய் இருந்து இரண்டு மோதிக் கலந்தன என்பாரும் உளர். எக்கொள்கை வெல்லினும் அது அந்தப் பழைய எண்களோடு பொருந்தியே ஆதல் வேண்டும்.

இதனைக் கேட்ட மாணவன், நம்மவர் எவரேனும் இவ்வாறு எழுதிவைத்ததுண்டா என்று கேட்டான். உண்டு. சென்னை நிலையத்தில் பாக்சனுக்குத் துணைவராயிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் 1867-இல் ரெட்டிக்குலம் கூட்டத்திலுள்ள ஆர் என்னும் மீன் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். 1872-இல் இலண்டன் அரச வானநூற் கழகத்தின் உறுப்பினரானார். வங்காளத்தில் ஜெசூர் நகரையடுத்த பாக்சர் என்னும் ஊரில், கருவூலத்து வேலை பார்த்துவந்த ராதாகோவிந்த சந்திரர் என்பவர் இரவெல்லாம் விழித்து 37,000-க்கு மேற்பட்ட மதிப்பீடுகளை அமெரிக்க மாறொளி மீன் கழகத்திற்கு அனுப்பினார். அக்கழகம் 1926-இல் அவருக்கு ஆறங்குலத் தூரதரிசினி ஒன்றை இரவல் தந்தது. அவருக்குப்பின் அது வைணு பாப்புவின் கைக்கு வந்து, சவ்வாதுமலையில் அவர் நிறுவிய காவலூர் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்தது. கருவூலத்துப் பணியாளர் என்றவுடன் என் மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தந்தையார் மிளகுக் கடையில் கணக்கெழுதுபவர்.

எளிதாய்த் தோன்றும் இவ்வேலைக்கு ஓர் இடையூறும் உண்டு. ஈட்டா கரினே எழும் தென்திசை, காவிரிச் சமவெளியின் திசை. முசிறியும் திருச்சிராப்பள்ளியும் அப்பக்கத்தன. அவ்வூர்களின் விளக்கொளி கீழ்வானில் வெளுத்த மேகம்போல் தங்கி நிற்கின்றது. ஆண்டுக்காண்டு அது உயர்வதையும் எம் குறிப்பேடு காட்டுகின்றது. ஆதிரைக்கு அதனால் கேடில்லை, அது தலைக்குமேல் செல்வது. தாழ்ந்து செல்லும் மரக்கலத்து மீன்தான் முதலில் மூழ்கும். மலைமேலும் விளக்குகள் பெருகுகின்றன. எம் ஊர்க்கூட்டத்தில் பாதைவிளக்கு வேண்டும் என்று தீர்மானித்தபோது யான் மறுத்துப் பேசவில்லை. பேசுதற்கு வாயும் எழவில்லை. கரடி நடமாடும் பாதை அது. களி கொண்டுவந்த மூதாட்டியார் இருளில் கல் தடுக்கி விழுந்து இரண்டு மாதம் படுத்திருந்தார். விளக்கு வந்தபின், அதன் ஒளி பாதையில் விழுந்ததில் பாதி பலாமரத்து உச்சியிலும் விழுந்தது. அதற்கு ஒரு தகரமூடி போடும்படி கேட்டுக்கொண்டோம். மூடி போட்டபின் பாதை முன்னையினும் தெளிவாய்த் தெரிகின்றது என்று மூதாட்டியாரே கூறினார். கொல்லிமலையில் இருள்வான் பூங்கா ஒன்று அமைக்கப்படும் எனத் தமிழ்நாட்டரசு 2024-இல் அறிவித்தது. தகரமூடிகள் பல நூறு வேண்டியிருக்கும்.

ஈட்டா கரினேயின் நெருக்கம் 2020 பிப்ரவரியில் ஒருமுறை நேர்ந்தது. அடுத்தது, கணக்கின்படி, 2025 ஆகஸ்டு இறுதி. அந்நாட்களில் அம்மீன் பகலில் எழுந்து பகலிலேயே மறைந்தமையால், எமக்குக் காணக் கிட்டவில்லை. இனி வருவது 2031 மார்ச்சு நடுவில். அப்போது நள்ளிரவை ஒட்டித் தென்வானில் தன் உச்சத்தில் நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கும். கண்டாலும் காணாவிட்டாலும் எழுதவேண்டியதே. மாணவன் இப்போது சமவெளியில் ஒரு கல்லூரியில் பயில்கின்றான். அவன் விடுதி மாடியிலிருந்து ஆதிரை தெரிகின்றது. மரக்கலத்து மீன் தெரியவில்லை. சென்ற விடுமுறைக்கு வந்தபோது புதிய குறிப்பேடு ஒன்று வாங்கிவந்து, அதன் உள்ளட்டையில் அத்திங்களையும் ஆண்டையும் எழுதி, முதற்பக்கத்தில் இரண்டு பத்திகள் கோடிட்டு என்னிடம் தந்துவிட்டுப் போனான்.